குறியும் நெறியும்

ஒரு கருவி நல்லதா தீயதா என்னும் வினாவுக்கு, அது பயன்படுத்துவோன் கையைப் பொறுத்தது என விடை கூறி அமைந்துவிடுதல் எளிது. கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும் என்பர். ஆயின் கத்தி கனியை நறுக்குவதற்கென்றே செய்யப்பட்டிருக்கலாம், துப்பாக்கியோ அத்தகையதன்று. தொலைவிலுள்ள ஓர் உயிரை, அவ்வுயிர் அறியாவண்ணம் வீழ்த்துதற்கென்றே அது ஆக்கப்பட்டது. அத்தகைய கருவியை எவர்க்கும் தீங்கு நேராத ஓரிடத்துக்கு எடுத்துச்சென்று, தாளில் வரைந்த வட்டங்களை நோக்கிச் சுட்டுப் பழகுவதில் அறம் பற்றிய வினா எழுவதற்கு இடமுண்டா? புதிய றைபிள் ஒன்றை முதன்முறையாகச் சூட்டுத் திடலுக்குக் கொண்டுசெல்லும் செயலை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துவக்கு என்னும் சொல்லை வீட்டுச் சொற்களுள் ஒன்றாக்கிக்கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

குடாநாட்டுக்குத் துவக்கு மிக அண்மையில் வந்த பொருளன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற வேட்டைத் துவக்குகள் சில வீடுகளில் இருந்தன. வன்னியில் வயல் செய்தோர் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க இடியன் துவக்கை வைத்திருந்தனர். மாணவர் படை 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சிலவற்றிலும் இடம்பெற்றது. காக்கி உடுத்த மாணவன் முதன்முறையாக றைபிளைத் தோளில் அணைத்தபோது அது அவனுக்கு விளையாட்டாகவும் ஒழுங்கைப் பயிற்றும் பாடமாகவும் இருந்தது. 1983 யூலைக்குப் பின்னர் நிலைமை மாறியது. பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு முகாம்களை அடைந்த ஆயிரக்கணக்கான இளைஞருட் பலர் மரத்தாற் செய்த துவக்குகளுடன் நெடுநாள் பயின்றனர். மாணவனின் நோக்கம் வேறு, போராளியின் நோக்கம் வேறு. எனினும் உண்மையான றைபிளுடன் இலக்கின் முன் படுத்து, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்திய அந்த முதற் செயலில் இருவரும் ஒன்றையே கற்றனர்.

அவர்கள் கற்றது யாது? புதிய றைபிளைத் திடலுக்குக் கொண்டுசெல்லும் முதல் நாளில் எவரும் வெற்றியை நாடிச் சுடுவதில்லை. கருவி எத்துணைச் செம்மையாகச் செய்யப்பட்டதாயினும், அதன் குழாய் நோக்கும் திசையும் அதன்மீதுள்ள குறிகள் காட்டும் திசையும் முற்றும் பொருந்தியிருக்கும் எனக் கொள்வதற்கில்லை. சுடுவோரின் கண்ணும் தோளும் ஆளுக்காள் வேறுபடும். ஆதலின் மணல்மூட்டையின்மீது றைபிளைத் தாங்கவைத்து, குறுகிய தொலைவில் உள்ள இலக்கின் ஒரே புள்ளியை நோக்கி மூன்று அல்லது ஐந்து தோட்டாக்களை நிதானமாகச் சுடுவர். பின்னர் சென்று துளைகளைப் பார்ப்பர். அவை தம்முள் நெருங்கி, ஆயின் நடுப்புள்ளியைவிட்டு ஒருபுறமாக விலகியிருப்பின், சுட்டவன் நிலைகுலையவில்லை, குறியே பிழைத்தது என அறிந்து, விலகிய அளவைக் கணித்துக் குறியை நகர்த்துவர். துளைகள் அங்குமிங்குமாகச் சிதறியிருப்பின் பிழை பெரும்பாலும் சுட்டவனுடையது. குறியை நகர்த்திப் பயனில்லை. சுருங்கக் கூறின், புதிய றைபிளின் முதற் சூடு பகையை வெல்லுதற்கன்று. தன் பிழையை அறிந்துகொள்ளுதற்கேயாகும்.

மனிதர் செய்யும் பிழைகளும் இவ்விரு வகையினவாகவே காணப்படுகின்றன. உறுதியற்றவன் இன்று ஒன்றும் நாளை வேறொன்றுமாகத் தவறுகின்றான். அவன் பிழை சிதறிக் கிடப்பதால் எவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படும். உறுதியுடையவனின் பிழை அத்தகையதன்று. அவன் ஒரு கொள்கையில் ஊன்றிநின்று, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தவறுகின்றான். அவனது உறுதியைக் கண்டு சூழ உள்ளோர் வியக்கின்றனர். அவனும் அவ்வுறுதியையே தான் கொண்டது மெய் என்பதற்குச் சான்றாகக் கருதிவிடுகின்றான். துளைகளின் நெருக்கம் அவை சரியான இடத்தில் அமைந்தன என்பதற்குச் சான்றாகாது என்பதைச் சூட்டுத் திடல் முதல் நாளிலேயே கற்பிக்கின்றது. தியாகமும் கட்டுப்பாடும் ஒற்றுமையும் ஒரு செயலின் உறுதிக்குச் சான்றாகலாம். அதன் அறத்துக்குச் சான்றாகா.

இந்தப் பாடத்தைத் திடல் கற்பிக்க வல்லதாவது அங்குள்ள மூன்று ஏற்பாடுகளினால் எனலாம். முதலாவது, குறிகாட்டுவோன். நெடுந்தொலைவுத் திடலில் இலக்கின் அடியிலுள்ள அகழியில், மண்ணணையின் மறைவில் ஒருவன் இருப்பான். ஒவ்வொரு சூட்டின் பின்னும் அது பட்ட இடத்தை நீண்ட கோலொன்றினாற் காட்டுவான். முற்றும் தவறினாற் கொடியசைத்து அறிவிப்பான். சுட்டவனை மகிழ்விப்பது அவன் கடமையன்று. பட்ட இடத்தைப் பட்டவாறு காட்டுவதே அவன் கடமை. இரண்டாவது, இலக்கின் பின்னுள்ள மண்மேடு. றைபிளின் சன்னம் ஒரு மைலுக்கும் அப்பாற் செல்ல வல்லது. ஆகவே தவறிய சன்னம் எங்கே தங்கும் என்பதை முன்னரே எண்ணி அம்மேட்டை அமைக்கின்றனர். குன்றென ஒன்றில்லாத, சுண்ணாம்புக்கல் பரந்த எங்கள் குடாநாட்டில் அதனை மண் குவித்தே ஆக்கவேண்டும். மூன்றாவது, நிறுத்தும் குரல். ஆபத்தைக் கண்டவர் எவராயினும், அவர் கடைநிலையில் உள்ளவராயினும், நிறுத்துமாறு குரல் கொடுக்கலாம். அக்குரலுக்கு யாவரும் விசையிலிருந்து விரலை எடுத்தாக வேண்டும். பிழையைக் காட்டும் கண், பிழையைத் தாங்கும் மண், பிழையைத் தடுக்கும் குரல் ஆகிய இம்மூன்றும் உள்ளவரை சூட்டுப் பயிற்சி தன்னடக்கத்தையும் உண்மைக்குப் பணிதலையும் வளர்க்கும் ஒரு கலை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் கற்பிக்கும் அதே திடல் வேறொன்றைப் பறித்தும் விடுகின்றது. பாரதக் கதையில் துரோணர் மரத்தின்மேல் செயற்கைப் பறவையொன்றை வைத்து மாணாக்கரைச் சோதித்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. மரத்தையும் ஆசிரியரையும் உடன்பிறந்தாரையும் பறவையையும் காண்பதாகத் தருமன் கூறினான். அவனை விலகி நிற்குமாறு பணித்தார் துரோணர். பறவையின் தலையன்றி வேறொன்றும் காணேன் என்ற அருச்சுனனே தேர்ந்தான். வில்வித்தைக்கு அருச்சுனன் விடையே சரியான விடை. ஆனால் அறத்துக்கு? சூழவுள்ள அனைத்தையும் கண்ட தருமனுடைய பார்வை வில்லாளிக்குக் குறைபாடு. மனிதனுக்கு அது குறைபாடாகுமா? குருச்சேத்திரத்தில் இரு படைகளுக்கும் நடுவே தேரை நிறுத்திய அருச்சுனன், பயிற்சிக்காலத்தில் தருமன் கண்டதையே தானும் கண்டான். ஆசிரியரும் பாட்டனும் உடன்பிறந்தாரும் அவன் கண்ணிற் பட்டனர். வில் கையிலிருந்து நழுவியது. கண்ணன் அவனுக்குக் கூறிய விடை தனியே ஆராயத்தக்கது. அவ்விடைக்கு முன், இலக்கன்றி வேறொன்றும் காணாதவாறு பழக்கப்பட்ட கண், பகைவனிடத்து மீண்டும் முகத்தைக் கண்டது என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

முகம் காணும் இவ்வியல்பைப் படைப்பயிற்சியாளர் நன்கு அறிவர். இரண்டாம் உலகப்போரில் முன்னணியில் நின்ற அமெரிக்க வீரருட் பெரும்பாலோர் பகைவரை நோக்கிச் சுடவேயில்லை என எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் தந்த கணக்கை வரலாற்றாசிரியர் பின்னர் ஐயுற்றனர். எனினும் 1950களில் அமெரிக்கப் படையின் பயிற்சித் திடல்களில் வட்ட இலக்குகளின் இடத்தை மனித உருவில் எழுந்து வீழும் அட்டைகள் பெற்றன என்பது உண்மை. வட்டத்தைச் சுடப் பழகியவன் மனிதன்முன் தயங்கக்கூடும். மனித வடிவைச் சுடப் பழகியவன் தயங்குவது அரிது என்பதே இம்மாற்றத்தின் உட்பொருள்.

இதனோடு எமது கோயில் வழக்கொன்றை ஒப்பிட்டு நோக்கலாம். விசயதசமியன்று யாழ்ப்பாணத்து ஆலயங்களில் மானம்பூத் திருவிழா நடைபெறும். மகிடாசுரனாக ஒரு வாழை நாட்டப்பட்டு வெட்டப்படும். கந்தசட்டி முடிவிற் சூரன் போரும் நிகழும். அங்கும் இலக்கு உண்டு, ஆயுதம் உண்டு, வீழ்த்துதலும் உண்டு. ஆயின் வெட்டுவோனும் காண்போரும் அது வாழை என்பதை ஒருகணமும் மறப்பதில்லை. சூரனும் இறுதியில் மயிலும் சேவலுமாகி முருகனைச் சேர்கின்றான். பகையை அழிப்பதாகக் கூறும் சடங்கு, பகைவனை அழிக்காது விடும் பண்பைப் பேணுகின்றது. திடலிலும் மனிதனின் இடத்தில் அட்டை நிற்கின்றது, அதுவரை தீங்கில்லை. அட்டைக்குப் பழகிய கண்முன், ஒருநாள் அட்டையின் இடத்தில் மனிதன் வந்து நிற்கின்றான். துவக்கைப் பற்றிய அறவினா முழுவதும் இவ்விட மாற்றத்திலேயே அடங்கியுள்ளது.

குடாநாட்டில் அவ்விட மாற்றம் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1975 யூலை 27இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்ற வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிபட வந்தவர் என்ற முகம் அங்கே மறைந்து, இலக்கு ஒன்றே எஞ்சியது. ஒழுங்கான பயிற்சி பெற்ற அரச படைகள் இதனின்று விலகி நின்றன என்றும் கூறுவதற்கில்லை. 1987 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாண மருத்துவமனையினுட் புகுந்த இந்தியப் படையினரின் சூட்டிற்கு நோயாளரும் மருத்துவரும் தாதியரும் பலியாயினர். திடலில் முறையாகப் பயின்ற கைகளே அவையும். தொழில்நுட்பம் திடலிலிருந்து வீதிக்கு வந்தது; குறிகாட்டுவோனும் மண்மேடும் நிறுத்தும் குரலும் திடலிலேயே தங்கிவிட்டன.

குறிகாட்டுவோர் முற்றாக இல்லாமற் போயினர் என்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக விளங்கிய கலாநிதி ரஜனி திராணகம தம் நண்பர் மூவருடன் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’, அரசினதும் இந்தியப் படையினதும் இயக்கங்களினதும் சூடுகள் எங்கெங்கே பட்டன என்பதைப் பட்டவாறே காட்ட முயன்ற நூலாகும். 1989 செப்டெம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திடலில் இத்தகைய நிகழ்ச்சியைக் கற்பனையும் செய்ய இயலாது. குறிகாட்டுவோனைச் சுட்டுவிட்டால், அதன்பின் ஒவ்வொரு சூடும் சரியாகவே பட்டதென எண்ணிக்கொள்ளலாம். குறியைத் திருத்தும் வழி மட்டும் இல்லாதொழியும்.

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. ஆயுதம் ஏந்தியோர் விளையாட்டாக ஏந்தவில்லை. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏப்ரலில் படைகொண்டு ஒடுக்கப்பட்டது. 1981இல் நூலகம் எரிந்தது. 1983இல் உயிர்கள் எரிந்தன. இவற்றின்பின் அறம் பேசுதல் யாருக்குப் பயன் என வினவலாம். இவ்வினாவின் நியாயம் பெரிது. அடக்கப்பட்டோனின் சினத்தை, அடக்கப்படாத இடத்திலிருந்து கொண்டு இகழ்தல் எளிது, அது நேர்மையன்று. ஆயினும் காரணம் நியாயமானது என்பதிலிருந்து குறி சரியானது என்ற முடிவு தானாக வந்துவிடாது. நியாயமான காரணம் உடையவனே தன் குறியை மேலும் அடிக்கடி சோதித்தல் வேண்டும்; ஏனெனில் அவனது பிழை அவனை மட்டுமன்றி அந்த நியாயத்தையும் ஊறுபடுத்தும். தற்காப்புக்காக ஆயுதம் ஏந்தலாம் என ஒப்புக்கொள்வோரும், பிழையைச் சொல்வோனின் உயிரைக் காக்கும் கடமையிலிருந்து நீங்கமுடியாது.

புறநானூற்றின் 95ஆம் பாடல் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுடைய மாளிகையிற் புதியனவாய்ப் பொலிவதைக் காண்கின்றார். அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்திற் கிடப்பதாகக் கூறுகின்றார். தொண்டைமானைப் புகழ்வதுபோல இகழ்ந்து, அதியமானின் வீரத்தை உணர்த்தியதாக இதற்கு உரை காண்பது மரபு. அவ்வுரை பொருத்தமானதே. ஆயினும் அப்பாடல் படைக்கலத்தை மட்டும் பேசவில்லை. உள்ளபோது ஊட்டி, இல்லாதபோது உடனிருந்து பகிர்ந்துண்ணும், வறியோர் சுற்றத்தின் தலைவன் என்ற சிறப்பையும் கூறுகின்றது. முறிந்த வேலை உடையவனை மதிப்பதற்கு ஔவையார் காட்டும் காரணம் அவனது வேல் மட்டுமன்று, அவனது ஈரமும் ஆகும். போர் நெடுங்காலம் நிகழ்ந்து 2009 மே மாதம் முடிந்ததைக் கண்ட நாம், முறிந்த வேலின் பெருமையோடு அதனால் முறிந்த உயிர்களையும் எண்ணவேண்டியவர்களாகின்றோம். பயன்படாது துருவேறும் படைக்கலம் எப்போதும் இகழ்ச்சிக்குரியதன்று. சிலவேளை அது ஒரு நாட்டின் நற்பேறும் ஆகும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். தாளை நோக்கிச் சுடுதல் தன்னளவில் தீவினையன்று. தன் பிழையைத் தானே அளந்தறியும் அரிய பண்பை அது கற்பிக்கவும் கூடும். ஆயின் குறி பார்க்கக் கற்றவன் நெறி பார்க்கவும் கற்றான் என்பது அதனாற் பெறப்படவில்லை. குறிக்கு வேண்டுவது ஒன்றையே காணும் கண். நெறிக்கு வேண்டுவது அவ்வொன்றைச் சூழ்ந்த அனைத்தையும் காணும் கண். முன்னதைத் திடல் தரும். பின்னதைத் தரவேண்டிய இடங்கள் வீடும் கோயிலும் பள்ளியும் பல்கலைக்கழகமுமாம். கோலை உயர்த்தி “இங்கே தவறியது” என்று கூறுவோன் அச்சமின்றி வாழ இடமளிக்கும் சமூகம், துவக்கு உள்ளபோதும் அறத்தை முற்றாக இழந்துவிடாது. அவனுக்கு இடமளிக்காத சமூகம் துவக்குகள் யாவும் மௌனித்த பின்னரும் தன் குறியைத் திருத்திக்கொள்ள மாட்டாது.