அகிலாண்டேஸ்வரியிடம் குழந்தையின் ஜுரத்தைச் சொல்லலாமா?

'அகிலாண்ட கோடி பிரம்மாண்ட நாயகி' என்று தினமும் சொல்கிறோம். விளக்கேற்றும்போதே வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதில் எத்தனை அண்டம், எவ்வளவு பெரிது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா?

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ஒரு படம் என்னை அப்படி யோசிக்க வைத்தது. 1995-ம் வருடம் டிசம்பரில் எடுத்தது. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தீர்களே, அந்த அருந்ததி இருக்கும் சப்தரிஷி மண்டலத்தில், ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்த ஓர் இருட்டான இடம். விரல் நுனியில் ஒரே ஒரு ரவையை ஒட்டிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். அந்த ரவை வானத்தில் மறைக்கிற அளவுதான் அந்த இடம்! அங்கே பத்து நாள் தொலைநோக்கியைத் திருப்பி வைத்தார் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி. வீண் வேலை என்றவர்களும் உண்டு. 342 முறை எடுத்த படங்களைச் சேர்த்தபோது, ரவையளவு இருட்டுக்குள் சுமார் 3,000 கேலக்ஸிகள்! ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான சூரியன்கள் கொண்ட கூட்டம். சிலவற்றின் ஒளி கிளம்பி ஆயிரம் கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. கறுப்புப் பட்டின்மேல் யாரோ நவரத்தினங்களைச் சிதறவிட்ட மாதிரி நீலமும் பொன்னிறமும் சிவப்புமாக... கை தானாகக் குவிகிறது.

பிரமிப்பு அடங்கியதும்தான் ஒரு சங்கடம் வருகிறது. இவ்வளவையும் ஆள்பவளிடம் போய், 'பையனுக்கு ஜுரம் விடவில்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை' என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருக்காதா? இதெல்லாம் அற்பமான வேண்டுதல் என்று கண்டிக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு அதில் சம்மதமில்லை. பெரியது என்பதற்காக மட்டும் கும்பிட்டால் அதற்குப் பெயர் பயம். ஊர்ப் பெரிய மனிதர் வாசலில் கைகட்டி நிற்பதும் அதுவும் ஒன்றுதான்!

திருச்சிப் பக்கம் திருவானைக்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே அம்பாளின் பெயரே அகிலாண்டேஸ்வரி. உக்கிரமாக இருந்த அவளைச் சாந்தப்படுத்த ஆதிசங்கரர் ஸ்ரீசக்ர தாடங்கங்களை அணிவித்தார், எதிரே பிள்ளையாரையும் பிரதிஷ்டை செய்தார் என்று சொல்வார்கள். ஏன் பிள்ளையார்? எதிரில் பிள்ளை நின்றால் எந்தத் தாய்க்குக் கோபம் நிலைக்கும்? அகில அண்டங்களின் ஈஸ்வரி மனம் இளக வேண்டுமென்று, அவள் முன்னால் பெரிதாக எதையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அவள் குழந்தையைத்தான் உட்கார வைத்தார்கள்.

(நம் முன்னோர் தொலைநோக்கி இல்லாமலே எல்லாவற்றையும் எண்ணிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 3,000-ஐக் காட்டிய பெருமை விஞ்ஞானிகளுக்கே!)

சொன்ன மாத்திரத்தில் ஜுரம் விட்டுவிடும் என்று எழுதவும் எனக்குத் துணிவில்லை. டாக்டரிடமும் போகத்தான் வேண்டும். ஆனால், சொல்லக் கூசாதீர்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவுச் சமையலை முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷிகள் உயரத்தில் இருப்பார்கள். வசிஷ்டரை ஒட்டி, மங்கலாக அருந்ததி. அந்த ரவையளவு இருட்டும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது.