ஐயுறுவோர் கடமை

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. இராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம், நீலகிரி போன்ற மாவட்டங்கள் அவற்றால் பயன்பெற்றன. 1450 மருத்துவ இடங்கள் கூடின. மகிழ வேண்டிய செய்திதான். எனினும், இத்தகைய கல்லூரியில் இடம் பெறும் பிள்ளையின் இல்லத்தில் மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் நுழைவது இயல்பு. 'ஆசிரியர்கள் போதுமான அளவில் இருப்பார்களா? பழைய கல்லூரியில் பயின்றோர்க்கு உள்ள மதிப்பு நம் பிள்ளைக்குக் கிட்டுமா?'

இதனை நன்றியின்மை என்று நாம் ஒதுக்கலாகாது. மருத்துவக் கல்வியில் நேரும் குறை மாணவனோடு முடிவதில்லை. என்றோ ஒருநாள் நோயாளியின் உடலில் வந்து முடிகிறது. ஆகவே ஐயுறுவது தகும். எவ்வாறு ஐயுறுவது என்பதே நம்முன் உள்ள வினா.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர் 1910-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் உண்டா, மாணவர் நோயாளியின் அருகே நின்று கற்கின்றனரா என நேரில் சென்று கண்டு எழுதினார். தரமற்ற பள்ளிகள் பல மறைந்தன, கல்வி உயர்ந்தது. ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த 7 பள்ளிகளில் இரண்டே எஞ்சின. பிற பள்ளிகள் பலவும் அம்மக்களைச் சேர்க்க மறுத்த காலம் அது. நேர்மையான ஐயமும், குறையைக் களையும் கை உடன் வராவிடில், எளியோர் மீதே சுமையாகிவிடுகிறது.

நம் மண்ணிலும் ஒரு பாடம் உண்டு. 1918-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அன்று அது பட்டம் வழங்கும் கல்லூரியன்று. எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்க 1942 வரை உழைக்க வேண்டியிருந்தது. நற்பெயர் எந்தக் கல்லூரிக்கும் பிறப்பிலேயே வாய்ப்பதில்லை.

புதிய கல்லூரிகள் பல, முன்பே இயங்கிவந்த மாவட்ட மருத்துவமனைகளை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை. கட்டடம் புதிது, அங்கு வரும் நோயாளிகள் புதியவர்கள் அல்லர். வசதியுள்ள மாணவன் ஐயத்தின் பொருட்டு வேறு கல்லூரியை நாடலாம். இராமநாதபுரத்து மீனவர் எந்த மருத்துவமனையை நாடுவார்? அங்கு உருவாகும் மருத்துவரே அவருக்கு மருத்துவர்.

எனவே நம் ஐயம் அவர் சார்பாகவும் எழ வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாயிருந்தால் பெற்றோர் கூடிக் கேட்க வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வகுப்பறை நிறையுமானால், அதைக் கண்டும் காணாதிருத்தல் தவறு. மாணவரோ, குறைகளை எண்ணிச் சோர்ந்திராமல், விடுதியில் கழியும் ஒரு மணி நேரத்தை நோயாளியின் கட்டிலருகே கழிக்கலாம். அங்கு கற்பதற்குப் பழைய கல்லூரியின் பெயர் தேவையில்லை.