தீட்டும் தூய்மையும்

மனிதன் கை கழுவுகிறான். ஏன் கழுவுகிறான்? இந்த எளிய கேள்விக்கு இந்நாட்டில் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று வைதீகம் தந்தது; மற்றொன்று அறிவியல் தந்தது. செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் நம் தங்கையரும் தம்பியரும் தொடக்கத்திலேயே கற்பது கை கழுவும் பாடத்தைத்தான். அது உடல்நலப் பாடம் மட்டுமன்று. அறப்பாடமுங்கூட என்கிறோம் நாம்.

தொட்ட பிறகு கழுவு என்றது வைதீகம். ஏன்? தொடப்பட்டவன் இழிந்தவனாம்! பிள்ளை பெற்ற தாயைக்கூடத் தீட்டு என்று மூலையில் ஒதுக்கிற்று. செவிலியோ தொடுவதற்கு முன்பே கழுவுகிறாள்; தன் கையிலுள்ள கிருமி நோயாளியைத் தாக்கிவிடக் கூடாதே என்பதற்காக! தொட்ட பின்னும் கழுவுகிறாள். அடுத்த கட்டிலில் இருப்பவரையும் தன்னையும் காப்பதற்காக. நீர் ஒன்றுதான், நெஞ்சம் வேறு. அங்கே, மாசு மற்றவனிடம் என்ற ஆணவம். இங்கே, மாசு என் கையிலும் இருக்கலாம் என்ற ஐயம்.

இந்த ஐயம் படித்தவர்க்கும் எளிதில் வரவில்லை. வியன்னா நகரப் பெரிய மருத்துவமனையில், பிணத்தை அறுத்து ஆராய்ந்த கையோடு மருத்துவர்கள் பிள்ளைப்பேறு பார்த்தனர். அவர்கள் பார்த்த பிரிவில், 1847 ஏப்ரலில், தாய்மாரில் 100க்கு 18 பேர் மாண்டனர். செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்பே உள்ளே வரவேண்டும் என்றார். சில திங்களில் சாவு 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று. அப்போதும் மேதைகள் பலர் ஏற்கவில்லை. ‘எம் கையா கொன்றது?’ என்ற செருக்கு!

இப்பாடத்தின் உரைகல் எங்கே? ஏற்காட்டுக்கு வாருங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர் ஏரியைக் காண்கின்றனர்; ‘ஏழைகளின் ஊட்டி’ என்று புகழ்கின்றனர். காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், சேர்வராயன் மலைச் சிற்றூர்களில், மலையாளி என்ற பெயருடைய, தமிழ் பேசும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனரே, அவர்களைக் காண்போர் எத்தனை பேர்? காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தோளில் சுமந்து அவர்களுள் ஒரு தாய் மருத்துவமனைக்கு நடந்து வருகிறாள் என்று கொள்வோம். செவிலியின் கை ஒரு நொடி தயங்கினால், முகம் சற்றே சுளித்தால், அத்தாய்க்குப் புரிந்துவிடும். மறுமுறை அவள் வராமலே போகலாம். குழந்தைக்குரிய தடுப்பூசி நின்றுபோகலாம். சுளித்த முகம் ஓர் உயிரையே விலையாகக் கேட்கும்!

ஓயாத வேலையால் செவிலிக்குச் சலிப்பு வராதா எனலாம். வரும். ஆட்களைக் கூட்டிச் சுமையைக் குறைப்பது அரசின் கடமை. ஆனால் சலிப்பு வேறு, இளக்காரம் வேறு. முன்னது ஓய்வால் தீரும். பின்னது அறிவால்தான் தீரும்.

தீண்டாமையைக் காட்டி மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சட்டம் கதவைத் திறக்கும், கையைக் கனிவாக்குமா? அது கல்வியின் வேலை.

ஆகவே, வெள்ளுடை அணியப்போகும் தோழர்களே! தொடுமுன் கழுவுங்கள். தொடுமுன் செய்யப்போவதைச் சொல்லி இசைவு கேளுங்கள். நோயைக் கேளுங்கள், சாதியைக் கேளாதீர்கள். அறிந்த மறையைக் காத்திடுங்கள். தீண்டாதே என்று நூற்றாண்டுகள் கூவிய நாட்டில், தூய கையால் தொட்டுத் துயர் துடைப்பதைவிடச் சிறந்த புரட்சி வேறென்ன உண்டு?