காத்திருக்கும் நாட்களும் மஹாவிச்வாஸமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று கைங்கர்ய ஸபையார் நியமித்தபோது, வழக்கம்போல் வாஹனங்களின் மஹிமையை எழுதிவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற மாசி மாதத்தில் ஸன்னிதியில் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே நாள் காலையில் இரண்டு குடும்பத்தார் அர்ச்சனைத் தட்டுடன் வந்து நின்றனர். ஒருவர் தமிழ் பேசுபவர். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, வேலை உடுப்போடு நேரே வந்தவர். மற்றவர் தெலுங்கு பேசுபவர். ஒருவரையொருவர் அறியார். இருவருடைய பிள்ளைகளும் பொறியியல் பட்டம் பெற்றவர்கள். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஒரே மேற்படிப்பில் இடம் வேண்டுபவர்கள். பெயரும் நக்ஷத்திரமும் எழுதித் தாருங்கள் என்றேன். சீட்டைப் பார்த்தால், இரண்டிலுமே கோத்திரம் எழுதவேண்டிய இடத்தில் தேர்வுப் பதிவு எண் எழுதப்பட்டிருந்தது!

ஸங்கல்பம் செய்துகொண்டே அடியேன் சற்றுத் திகைத்தேன். இடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இவனுக்குக் கிடைத்தால் அவனுக்கு இல்லை. பிராட்டி இருவருக்கும் தாயன்றோ? எந்தப் பிள்ளையின் சீட்டை அவள் முதலில் படிப்பாள்?

அர்ச்சனை செய்தால் இடம் நிச்சயம் என்று அடியேன் ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை. அப்படிச் சொல்பவர் எவரேனும் இருந்தால், சென்ற ஆண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்லும்படி அவரைக் கேளுங்கள். பின்னே அர்ச்சனையால் என்ன பயன் என்று கேட்பீர்களேல், அதைப் பற்றியே சிறிது விண்ணப்பிக்கப் புகுகிறேன்.

இக்காலத்து மேற்படிப்புக்குக் காத்திருப்பது என்பது ஒரு பெரிய விரதத்தைப்போல் நீண்டது. கேட் என்னும் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. மதிப்பெண் மார்ச்சில் வருகிறது. அதன்பின் ஐ.ஐ.டி.க்களின் இடங்கள் சுற்றுச் சுற்றாக ஒதுக்கப்பட்டு, ஆனி மாதம் வரையிலும் இழுக்கும். வந்த இடத்தை ஏற்பதற்கு ஒரு கட்டம், வேண்டாம் என்பதற்கு ஒரு கட்டம், வந்ததை வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறேன் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டாம். இதை ஒரு பிள்ளை விளக்கியபோது, மனித மனத்தை அறிந்தவர் யாரோ இதை வகுத்திருக்கிறார் என்று நகைத்தேன். அமெரிக்கா செல்ல விரும்புவோரோ மார்கழி மாதத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஏப்ரல் 15 என்னும் கெடு வரையில், அதாவது நம் சித்திரைப் பிறப்பு வரையில், கைப்பேசியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உறக்கமில்லை, உணவில்லை. தீபாராதனை நடக்கும்போதும் கட்டைவிரல் அந்தத் திரையின்மேல்தான் இருக்கிறது.

இவர்களை நோக்கிப் பெரியவர்கள் சிலர், "பகவானிடம் நம்பிக்கை இருந்தால் இப்படிக் கலங்குவாயா?" என்று கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். இது தவறு என்பது அடியேன் துணிபு. ஸுந்தர காண்டத்தை நினைத்துப் பாருங்கள். பிராட்டியைவிட விச்வாஸம் உடையவர் உண்டோ? பெருமாள் வருவார் என்பதில் அவளுக்கு ஐயம் இல்லை. ஆயினும் ராவணன் வைத்த கெடு நெருங்க நெருங்க, அசோகவனத்திலே அவள் உயிரையே வெறுக்கும் நிலைக்கு வந்தாள் என்று வால்மீகி பகவான் மறைக்காமல் எழுதிவைத்தார். கலக்கம் பக்தியின் குறைவன்று. காத்திருப்பவர் எவருக்கும் வருவது அது.

அப்பொழுது மரத்தின்மேல் இருந்த திருவடி என்ன செய்தார்? உடனே கீழே குதித்து உபதேசம் செய்யவில்லை. எந்த மொழியில் பேசினால் இவள் அஞ்சாள் என்று முதலில் ஆராய்ந்தார். பண்டிதர் பேசும் ஸம்ஸ்கிருதத்தில் பேசினால் ராவணனோ என்று அஞ்சுவாள் என்று விட்டு, சாதாரண மனிதர் பேசும் பேச்சிலே, மெல்லிய குரலில், ராம சரிதத்தைச் சொன்னார். "அழாதே" என்றும் சொல்லவில்லை. "உனக்கு நம்பிக்கை போதாது" என்றும் சொல்லவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நம் ஜூஜுவாடியில், பிள்ளை அஞ்சாதபடி எந்தப் பேச்சில் பேசுவது என்பதைப் பெற்றோர்கள் இவ்விடத்திலே கற்றுக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்வது அந்தப் பேச்சு அன்று.

மற்றொன்றும் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, அறையை விட்டு வெளிவராமல், வாழ்வதில் பயனில்லை என்று ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், அப்போது பரிஹாரம் கேட்டு அர்ச்சகனிடம் ஓடிவர வேண்டாம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவியை அரசு இலவசமாக நடத்துகிறது; எந்நேரமும் பேசலாம். பெருமாள் தீர்த்தம் பிறகு தருகிறேன், ஓடிவிடாது.

நிற்க. ஸுந்தர காண்டத்திலேயே இன்னொரு கட்டம் உண்டு. இந்த்ரஜித் பிரஹ்மாஸ்திரத்தால் திருவடியைக் கட்டினான். அந்த அஸ்திரத்தின் பெருமையை அறியாத அரக்கர்கள், இது போதாது என்று சணற்கயிற்றையும் மரவுரியையும் கொண்டுவந்து மேலும் இறுக்கினார்கள். வேறு கட்டைப் பொறாத பிரஹ்மாஸ்திரம் தானே கழன்றுவிட்டது. நம் பூர்வாசார்யர்கள் மஹாவிச்வாஸம் இன்னது என்று காட்டுவதற்கு எடுத்தாளும் திருஷ்டாந்தம் இது. பெருமாள் திருவடியிலே பாரத்தை வைத்தோம் என்றால், வைத்தவன் நிர்பரன், அதாவது சுமையற்றவன். காலையில் வைத்த சுமையை மாலையில் வந்து, "இருக்கிறதா?" என்று தூக்கிப் பார்ப்பவன் அதை வைக்கவேயில்லை. அர்ச்சனை முடிந்த கையோடு ஜோஸ்யர், அவர் சொன்ன மோதிரம், பிறகு மலைக்கு ஒரு வேண்டுதல், நடுநடுவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைப்பேசி. இவையெல்லாம் சணற்கயிறு. பெருமாளுக்கு இத்தனை ரூபாய் உண்டியல், இடம் கிடைத்தால் மட்டும், என்று பேரம் பேசுவதும் அந்தக் கயிற்றிலே ஒரு புரிதான்.

எழுதவேண்டிய தேர்வை எழுதி, அனுப்பவேண்டிய பத்திரங்களை அனுப்பியாயிற்று. அதன்பின் அந்தக் காரியம் நம் கையில் இல்லை. இதை அடியேனுக்குக் கற்பித்தது சாஸ்திரம் மட்டும் அன்று. நம் எல்லையிலிருந்த சோதனைச் சாவடியும்தான். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வருவதற்கு முன்பு, வணிகவரிச் சாவடியில் லாரிகள் எவ்வளவு தூரம் வரிசையாக நின்றன என்பது இவ்வூர்ப் பழையவர்களுக்குத் தெரியும். சன்னலில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஜன்னலையே சுற்றிச் சுற்றி வந்து குமாஸ்தாவிடம் திட்டு வாங்கும் டிரைவர்களும் உண்டு. லாரி நிழலில் ஸ்டவ்வை மூட்டிச் சோறு வடித்து, ஒரு தூக்கமும் தூங்கி எழுபவர்களும் உண்டு. இரு வகையாருக்கும் முத்திரை விழுந்தது ஒரே நேரத்தில்தான்.

காத்திருப்பதற்கு நம் ஸம்பிரதாயத்தில் எம்பெருமானாரைக் காட்டிலும் வேறு உதாரணம் வேண்டுமோ? அவர் விரும்பியதும் ஒரு மேற்படிப்புத்தான். 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்து, ஸகல சாஸ்திரங்களையும் கற்று, திருவரங்கத்தில் மடாதிபதியாக வீற்றிருந்தவர், ரஹஸ்யார்த்தம் ஒன்றைக் கேட்பதற்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியின் வாசலில் சென்று நின்றார். நம்பி திருப்பி அனுப்பினார். ஒருமுறை, இருமுறை அன்று. பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை. திருவரங்கத்திலிருந்து இக்காலச் சிவகங்கை மாவட்டத்திலுள்ள அவ்வூருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பதினெட்டு முறை போகவர 3,600 கிலோமீட்டர் ஆகிறது. எல்லாம் கால்நடை. அவர் மனம் நொந்ததாகவும், அதைக் கண்டு நம்பியின் சிஷ்யர் ஒருவர் இரங்கி ஆசார்யரிடம் விண்ணப்பித்ததாகவும் பெரியோர் சொல்வர். ஆகவே எம்பெருமானாரும் வருந்தினார். வருந்திக்கொண்டே திருவரங்கம் திரும்பினார். மடத்தில் சிஷ்யர்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது. மறுபடியும் நடந்தார்.

"யார் அது?" என்று நம்பி உள்ளிருந்து கேட்க, "நான்" என்று இவர் சொல்ல, "நான் செத்தபின் வாரும்" என்று விடை வந்ததாக ஒரு கதை வழங்குகிறது. இனிய கதைதான். ஆனால் இதைக் கொண்டுபோய், இடம் கிடைக்காத பிள்ளையிடம், "உன் அஹங்காரத்தால்தான் போயிற்று" என்று சொல்லிவிடாதீர்கள். நம்பி தம் முன் நின்றவரை முழுதும் அறிந்து மறுத்தார். இக்காலத்துத் தேர்வுக் குழுவோ, சில இடங்களை வைத்துக்கொண்டு, ஒரு குவியல் காகிதத்தைப் புரட்டி மறுக்கிறது. அது மறுத்தது காகிதத்தை, பிள்ளையை அன்று.

எம்பெருமானாரின் திருநாமம் தரித்த மற்றொருவரும் இப்படிக் காத்திருந்தார். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர் வீட்டுக் குலதெய்வம். எப்.ஏ. பரீக்ஷையில் தேறாதவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். கேம்பிரிட்ஜ் பண்டிதர்கள் இருவருக்கு எழுதிப் பயனில்லாமற் போயிற்று. மூன்றாவதாக, 1913ஆம் ஆண்டு ஜனவரி 16இல் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி பிப்ரவரி 8இல் விடை எழுதினார். அது கப்பலில் வந்து சேர்ந்து, அவர் மறுகடிதம் எழுதியது பிப்ரவரி 27. நாற்பத்திரண்டு நாட்கள்! ஒரு மண்டலத்துக்குச் சற்றே குறைவு. அந்நாட்களிலும் துறைமுகக் கணக்கை எழுதியாகவேண்டும். 1914இல் கப்பலேறினார். அங்கும் 1917இல் டிரினிடி கல்லூரி அவருக்குத் தன் பெல்லோ பதவியை மறுத்தது. மறு ஆண்டு அதே கல்லூரி அளித்தது. எல்லா மறுப்பும் இவ்விதம் முடியும் என்பதற்கில்லை. முதல் இரண்டு கடிதங்கள் வீணானதால் அவர் கணிதம் பொய்யாகிவிடவில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அடியேன் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1988இல், பாடசாலையில் அத்யயனம் முடிந்து, தர்க்க சாஸ்திரம் வாசிக்க விரும்பி வெளியூர் வித்யாசாலை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன். தபால்காரர் வருவது பதினொரு மணிக்கு. காயத்ரீ ஜபத்தில் எண்ணிக்கை தவறும். வேதம் சொல்லும்போது ஸ்வரம் பிசகும். ஒருநாள் என் ஆசார்யர், "தபால்காரர் ஊருக்குப் பதினொரு மணிக்கு வருகிறார், உனக்கு மட்டும் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்" என்றார். மறுநாளிலிருந்து மாலை கட்டும் வேலையை என்னிடம் ஒப்புவித்து, பதினொன்றரை மணிக்கு முன் வாசலுக்கு வரலாகாது என்று நியமித்தார். துளஸியை நாரில் தொடுக்கும்போது கை நடுங்கினால் கண்ணி அவிழ்ந்துவிடும். ஆகவே கையை நிதானப்படுத்தத்தான் வேண்டும். கவலை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பதினொன்றரைக்கு மேல் அது வந்தது. அதற்கு முன் அதற்கு இடமில்லை. அந்தக் கார்டு கடைசிவரை வரவேயில்லை. வந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று இன்றும் சில நாள் நினைப்பதுண்டு. மாலை கட்டுவது மட்டும் நின்றதில்லை.

அந்த உபாயத்தைத்தான் இப்போது இப்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். முடிவைப் பார்ப்பதற்கு நாளில் ஒரு வேளையை வைத்துக்கொள். அந்த வேளையில் பார். மற்ற வேளை இன்றைய காரியத்துக்கு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்கிறார்கள். அப்படியானால் இந்த ஆண்டே உலகம் முடிந்துவிடுவதில்லை என்று அந்தத் தேர்வை நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அன்றோ?

மாசியில் வந்த அவ்விரு பிள்ளைகளும் இப்போது ஒருவரையொருவர் அறிவர். உத்ஸவம் முடியும்வரை மாலையில் வந்து கைங்கர்யம் செய்கிறார்கள். ஒருவன் திருமடைப்பள்ளி வாசலில் தொன்னை அடுக்குகிறான். மற்றவன் பிரஸாதம் விநியோகிக்கிறான். இருவருக்கும் இன்னும் பதில் வரவில்லை. புளியோதரை வாங்கிக்கொள்ளும்போது, "தம்பி, ரிஸல்ட் வந்துவிட்டதா?" என்று மட்டும் தயைகூர்ந்து கேட்காதீர்கள். இன்னொரு தொன்னை வேண்டுமானால் தாராளமாகக் கேட்கலாம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
ஸன்னிதி அர்ச்சகன், ஜூஜுவாடி.