திரையில் கண்டதைக் கொண்டு தீர்ப்பிடலாமா?

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. அன்பார்ந்த வாசகர்களே, இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். தலையசைத்து ஏற்றுக்கொண்டும் இருப்பீர்கள். ஆனால் காதால் கேட்டது பொய்யாகலாம். கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? "நானே என் கண்ணால் கண்டேன்" என்பவனை விட உறுதியான சாட்சி வேறு யார்? இந்தப் பழைய கேள்விக்கு, நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் தொலைபேசியில் ஒரு புதிய விடை கிடைக்கிறது.

பாடசாலை விட்டு வந்த பிள்ளை தொலைபேசியில் கார்ப்பந்தயம் ஓட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் இத்தகைய விளையாட்டில் எதிரே ஓடும் கார்களை இயந்திரமே ஓட்டியது. இன்றோ பல விளையாட்டுகளில் அவற்றை ஓட்டுவோர் மனிதர். லுணுகலைத் தோட்டமொன்றின் லயத்தில் இருக்கும் பையனும், கடல் கடந்த நகரொன்றின் மாடி வீட்டில் இருக்கும் மாணவனும், ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போட்டியிடுகிறார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் அறியார். பெயரும் பெரும்பாலும் புனைபெயரே.

ஒரு வளைவில் ஒரு கார் இன்னொரு காரை இடித்துப் பாதையை விட்டுத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளப்பட்டவன் "கள்ளன், ஏமாற்றுக்காரன்" என்று வசைபாடுகிறான். மற்றவனோ "நான் தொடவே இல்லையே" என்கிறான். இருவரில் யார் பொய் சொல்கிறார்? பல வேளைகளில் இருவருமே பொய் சொல்லவில்லை என்பதே வியப்பு!

அது எவ்வாறு என்று பார்ப்போம். விளையாட்டில் கார் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது எனில், ஒரு செக்கனில் 50 மீற்றர் கடக்கும். ஒருவன் காரைத் திருப்பிய செய்தி, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள ஒரு கணினிக்குச் சென்று, அங்கிருந்து மற்றவனின் திரைக்கு வரவேண்டும். கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடினாலும், வழியிலுள்ள நிலையங்களும் வலுவிழந்த சிக்னலும் செய்தியைத் தாமதப்படுத்துகின்றன. அத்தாமதம் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், அதற்குள் கார் 10 மீற்றர் நகர்ந்துவிடும். அது இரண்டு கார்களின் நீளம்!

செய்தி வந்து சேரும்வரை இயந்திரம் என்ன செய்யும்? ஊகிக்கும். கரை தெரியாக் கடலில் மாலுமி, தான் வந்த வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கணக்கிட்டு, "இப்போது இங்கே இருப்போம்" என்று குறித்துக்கொள்வது போல, இயந்திரமும் "அந்தக் கார் இப்போது இங்கே இருக்கும்" என்று கணித்துத் திரையில் வரைகிறது. பின்னர் உண்மைச் செய்தி வந்ததும் கார் திடீரெனத் துள்ளி வேறிடத்தில் நிற்கும். ஆகவே நீங்கள் கண்ட மோதல், மற்றவன் செய்த செயலாக இல்லாமல், அவனைப்பற்றி உங்கள் இயந்திரம் செய்த ஊகமாகவும் இருக்கலாம். கண் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குக் காட்டப்பட்டதே குறையுடையது. அதை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒருவனைக் கள்ளன் என்பது நீதியாகுமா?

சில வேளைகளில் குற்றம் இருவரிடமும் இல்லாமல், மூன்றாமவரிடம் இருக்கும். 2014 ஒக்டோபரில் 'ட்ரைவ்கிளப்' என்ற பந்தய விளையாட்டு வெளிவந்தது. இந்தியா, சிலி, கனடா, நோர்வே, ஸ்கொட்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பாதைகளில் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து ஓட்டலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் வந்து குவிந்தவர்களை அதன் கணினிகள் தாங்கவில்லை. சேர்ந்து விளையாட வாங்கியவர்கள் சேர முடியாமல் தவித்தார்கள். 2024 செப்டெம்பரில் வந்த 'டெஸ்ட் ட்ரைவ் அன்லிமிட்டட்: சோலார் கிரௌன்' என்பதற்கும் தொடக்கத்தில் இதே நிலைதான். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய பஸ்ஸில் காலை மிதித்தவனும் மிதிபட்டவனும் சண்டையிடுகிறார்கள். ஏற்றியவரை இருவருமே மறந்துவிடுகிறார்கள். இணையத்திலும் நடப்பது இதுவே.

"அட, இது விளையாட்டுத்தானே! இதில் நீதி என்ன, அநீதி என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வாகனம் என்ன செய்யும் என்பதை நம் ஊவா மக்கள் நன்கறிவர். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறையில் பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2024 ஏப்பிரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப்பந்தயத்தில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டதையும் நாம் மறப்பதற்கில்லை. அவற்றின் முன்னே திரையில் கவிழும் கார் ஒன்றுமேயில்லை. பொத்தானை அழுத்தினால் அது மீண்டும் ஓடும்.

கார் பொய், ஆனால் அதை ஓட்டுபவன் மெய்யான மனிதனன்றோ? கவிழ்ந்த கார் எழுந்துவிடும். "கள்ளன்" என்ற சொல் பட்ட மனம் அவ்வளவு எளிதில் எழுந்துவிடுமா? விளையாட்டு கற்பனையே என்பதால் அங்கே சொல்லப்படும் வசையும் கற்பனையாகிவிடாது.

அன்றியும், இந்தத் தீர்ப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் கவனியுங்கள். நல்ல இணைப்புள்ளவனின் கார் வழுக்கிக்கொண்டு ஓடும். மலையிடுக்கில் ஒற்றைக் கோட்டுச் சிக்னலோடு விளையாடுபவனின் கார்தான் திரையில் துள்ளும், மறையும், இடிக்கும். ஆகவே ஏமாற்றுக்காரன் என்ற பெயர் அவனையே முதலில் தேடி வரும். அவனது வசதிக் குறைவு மற்றவர் கண்ணுக்குக் குணக் குறைவாகத் தோன்றுகிறது. இது விளையாட்டோடு நிற்பதா? 2021இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, லுணுகலைப் பகுதியில் பெற்றோர் பிள்ளைகளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, தரையிலிருந்து ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்த மரக்குடில் ஒன்றில் ஏற்றி, அங்கே கிடைத்த இணைப்பில் முறைவைத்துப் பாடங்களைப் பெறச் செய்தார்கள். இச்செய்தி உலக ஏடுகளிலும் வெளிவந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இத்தகைய பிள்ளை "பாடத்துக்குப் பிந்தி வரும் மாணவன்". அவன் ஏறி வந்த மலையைத் திரை காட்டுமா?

மனிதன் தவறலாம், இயந்திரமே தீர்ப்பளிக்கட்டும் என்றும் முயன்று பார்த்தார்கள். 2017இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' என்ற விளையாட்டு, ஓட்டுவோரின் திறமைக்கு ஒரு தரமும், பண்புக்கு வேறொரு தரமும் எழுத்துகளால் இட்டது. முரடர்களை முரடர்களோடும் பண்பாளரைப் பண்பாளரோடும் சேர்க்கும் நல்லெண்ணமே அது. எனினும் இடித்தவன் யார், இடிபட்டவன் யார் என்று பிரித்தறிவதில் அது தடுமாறுகிறது என்ற குறை விளையாடுவோரிடையே எழுந்தது. இதில் வியப்பென்ன? இயந்திரம் மோதலை அளக்கும். நோக்கத்தை அளக்க அதனால் இயலாது. ஒரே மோதல் வேண்டுமென்றே நிகழலாம். கை தவறியும் நிகழலாம். தாமதத்தால் நிகழாமலே நிகழ்ந்ததாகவும் தோன்றலாம்.

அப்படியானால் உண்மையான ஏமாற்றுக்காரன் தப்பித்துவிடுவானே என்கிறீர்களா? இல்லை. செயலைத் தடுப்பது வேறு. ஆளைத் தீர்ப்பிடுவது வேறு. ஒருவன் மீண்டும் மீண்டும் இடித்தால் அவனோடு போட்டியிடாமல் விலகலாம். விளையாட்டை நடத்துவோருக்கு அறிவிக்கலாம். அவர்கள் பல பந்தயங்களின் பதிவுகளைப் பார்த்து முடிவெடுக்கட்டும். அதுவே தீர விசாரித்தல். ஒரே வளைவில் ஒரே கணம் கண்டதைக் கொண்டு ஒரு மனிதனின் குணத்துக்கே முத்திரை குத்துவது விசாரணையன்று; அவசரம்.

இனி மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நீதியாகாது. சிக்னலின் தாமதம் பிறருக்கு நாம் அளிக்கும் ஐயத்தின் சலுகை. அதை நமக்கு நாமே கேடயமாக்கிக்கொள்ளலாகாது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு "லைன் போய்விட்டது" என்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே இடித்துவிட்டு "சிக்னல் சரியில்லை" என்பவர்களும் உண்டு. பல வேளைகளில் பிறரால் இதைக் கண்டுபிடிப்பது கடினம், இயந்திரத்துக்கும் எளிதன்று. அறிந்தவன் ஒருவனே: பொத்தானை அழுத்தியவன். பிறர் நோக்கம் நமக்கு மறைந்திருக்கிறது. நம் நோக்கமோ நமக்கு வெட்டவெளிச்சம். ஆதலால் பிறரிடம் தயக்கமும் நம்மிடம் கண்டிப்பும் வேண்டும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: பிறர் இடித்தால் குணக்கேடு என்கிறோம்; நாம் இடித்தால் சிக்னல் என்கிறோம்!

பெற்றோரே, பிள்ளை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு "அவன் கள்ளன்" என்று கத்தும்போது, "போதும், அதை வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நேரத்துக்கு எல்லை வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிமிடம் அருகில் அமர்ந்து, "அவன் திரையில் என்ன தெரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். அதன் பின் "நீ இடிக்கவில்லையா?" என்றும் கேளுங்கள். இவ்விரு கேள்விகளையும் விளையாட்டில் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை அயலவனைப்பற்றிப் புறங்கூறுவோர் நடுவிலும், பணியிடத்தில் சக தொழிலாளியைக் குற்றஞ்சாட்டுவோர் நடுவிலும் அவற்றைக் கேட்கும். நாமும் அவ்வாறே கேட்கக் கற்றுக்கொண்டால், அவசரத் தீர்ப்புகளால் உடைந்துபோகும் உறவுகள் பல நம் குடும்பங்களில் உடையாமல் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை.