முக்குணமும் பழஞ்சோறும்

சத்துவம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களைப் பற்றி நம்மிற் பலர் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். ஆயின், ஒருவரை உயர்ந்தோரென்றும் மற்றொருவரை மந்தரென்றும் முத்திரை குத்துவதற்கே இச்சொற்கள் பெரிதும் பயன்படுகின்றன. மூல நூல்களின் கருத்து அதுதானா என நாம் ஆராய்தல் வேண்டும்.

சாங்கியரின் கொள்கைப்படி, உலகப் பொருள்கள் யாவும் முக்குணங்களாலான பிரகிருதியினின்றும் தோன்றியவை. குணம் என்னும் வடசொல்லுக்குக் கயிற்றின் புரி என்ற பொருளும் உண்டு. சத்துவம் இலேசானது, விளக்கந் தருவது; இராசதம் இயக்குவது; தாமதம் பாரமானது, மறைப்பது. முரண்பட்ட இம்மூன்றும் விளக்கைப் போல ஒரு பயன் கருதிக் கூடித் தொழிற்படுகின்றன என்பது ஈசுவரகிருட்டிணரின் சாங்கியகாரிகை தரும் விளக்கம். திரியும் எண்ணெயும் சுடரும் வேறு வேறு இயல்பினவாயினும், ஒளி பிறப்பது அவற்றின் கூட்டினாலன்றோ? ஆகவே, தாமதம் மட்டுமே உடைய மனிதனும் இல்லை. சத்துவம் மட்டுமே உடைய மனிதனும் இல்லை.

பகவத்கீதையின் 14 ஆம் அத்தியாயமோ, சத்துவமும் இன்பத்திலும் அறிவிலும் பற்றை விளைத்து உயிரைப் பிணிக்கும் என்கின்றது. தம்மைச் சாத்துவிகர் எனக் கருதிப் பெருமை கொள்வோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

அந்நூலின் 17 ஆம் அத்தியாயம் உணவையும் மூவகைப்படுத்துகின்றது. சுவை கெட்டதும், பழையதும், பிறர் உண்டு எஞ்சியதும் தாமத குணத்தோர்க்கு விருப்பமானவை என்பது அதன் கூற்று. இங்கேதான் நாம் ஒரு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. விடியுமுன் வயலுக்குச் செல்லும் கூலியாள் பழஞ்சோறு உண்பது விருப்பத்தினாலா? நூல் பேசுவது விருப்பத்தைப் பற்றி. வறுமையோ விருப்பத்துக்கு இடந்தருவதில்லை. நெல்லை விளைவித்தவன் நேற்றைய சோற்றை உண்கின்றான். அந்நெல்லின் சுடுசோற்றை உண்போர் அவனைத் தாமதன் என்பாராயின், அது தத்துவ விசாரமன்று, நன்றி கொல்லலேயாகும்.

வகுப்பறையிலும் இதே நிலைதான். காலையுணவின்றி வந்த மாணவன் கண்ணயர்ந்தால், ஆசிரியராகிய நம்முட் சிலர் அதனை அவனது பிறவிக் குணம் என்கின்றனர். பசி தீர்ந்ததும் அம்மந்தம் நீங்குவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம்.

வருணத் தொழில்களைக் குணவழி வகுக்கும் பகுதியும் கீதையில் உண்டு. அது பிறப்புவழிச் சாதிக்கு அரணாக்கப்பட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், குணங்கள் ஒன்றையொன்று அடக்கி மாறி மாறி மேலெழும் என்று கூறுவதும் அதே நூலே. மாறும் இயல்புடைய குணத்தை மாறாத பிறப்போடு பிணைப்பது எங்ஙனம் பொருந்தும்? அயலவனின் குணத்தை அளக்குமுன், அவன் வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று பார்ப்பதே அறமாகும்.