பால் வாளிகளும் கிரோன்ஸ்டாட்டும்: உருவக நாவலில் ஊழும் பொறுப்பும்

அரசியல் உருவக நாவல் என்பது, தன் மாந்தராலும் நிகழ்ச்சிகளாலும் வேறொரு வரலாற்றின் மாந்தரையும் நிகழ்ச்சிகளையும் தொடர்ந்து சுட்டிச் செல்லும் புனைகதை. ஜார்ஜ் ஆர்வெல் 1943 நவம்பருக்கும் 1944 பிப்ரவரிக்கும் இடையில் எழுதி, பதிப்பகங்கள் பல மறுத்த பின் 1945 ஆகஸ்டில் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' அவ்வகையில் உலகெங்கும் மிகுதியாகக் கற்பிக்கப்படுவது. வகுப்பறையில் அதற்கு வழக்கமாக ஓர் அட்டவணை போடப்படுகிறது: நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின், துரத்தப்படும் ஸ்னோபால் டிராட்ஸ்கி, பண்ணையார் ஜோன்ஸ் ஜார் மன்னர், ஒன்பது நாய்கள் இரகசியக் காவல்துறை. இந்த அட்டவணை பிழையானதன்று. ஆயினும் கதையில் நடப்பதெல்லாம் ருஷ்யாவில் நடந்ததன் நிழலே என்று மாணவர் பழகிவிடும்போது, நடந்தது நடந்தே தீர வேண்டியதாக அவருக்குத் தோன்றிவிடுகிறது. அதிகாரம் யாரையும் கெடுக்கும், சமத்துவம் ஒருநாளும் நிலைக்காது என்று எழுதிவிட்டு அவர் புத்தகத்தை மூடுகிறார். இது, நிகழ்வன யாவும் முன்பே வகுக்கப்பட்டவை, முயற்சியால் மாறாதவை என்னும் ஊழ்க் கொள்கையின் நவீன வடிவமே அன்றி வேறில்லை.

நாவல் அப்படிச் சொல்கிறதா என்பது மெய்யியல் கேள்வி. ஆனால் அதற்கு விடை காண வரலாற்றை அட்டவணையாக அல்லாமல் நிகழ்ச்சியாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஆர்வெலே அதற்குரிய இடத்தைக் காட்டியிருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மெக்டொனால்டுக்கு 1946 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென வைத்துக்கொள்ளும் இடமே கதையின் திருப்புமுனை என்றும், அது கிரோன்ஸ்டாட்டைக் குறிப்பது என்றும், மற்ற விலங்குகள் அப்போதே மறுத்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் அவர் விளக்கினார்.

கிரோன்ஸ்டாட் என்பது பெத்ரோகிராட் நகருக்கு அருகே பின்லாந்து வளைகுடாவில் இருந்த கடற்படைத் தளம். அங்கிருந்த மாலுமிகள் 1917 புரட்சியின் முன்னணிப் படையாக விளங்கியவர்கள். 1921 பிப்ரவரி இறுதியில் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றினர். தொழிலாளர் மன்றங்களான சோவியத்துகளுக்கு இரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல், தொழிலாளருக்கும் உழவருக்கும் பேச்சுரிமை ஆகியவற்றோடு, உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில் செய்வோர் நீங்கலாக உழைப்பவர் அனைவருக்கும் ஒரே அளவு ரேஷன் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மார்ச் 18க்குள் செம்படை உறைந்த கடலின்மேல் நடந்து சென்று எழுச்சியை ஒடுக்கி முடித்தது. ஆப்பிளைக் குறித்த அத்தியாயத்தை இந்த ரேஷன் கோரிக்கையோடு சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு, சிறிய தின்பண்டத் திருட்டாகத் தெரிந்தது அரசியல் கோட்பாட்டின் முதல் மீறலாகத் தெரியத் தொடங்கும்.

அத்தோடு அட்டவணையும் ஆட்டம் காண்கிறது. 1921இல் லெனின் உயிரோடிருந்தார். எழுச்சியை அடக்கிய செம்படை, போர்த்துறை ஆணையரான டிராட்ஸ்கியின் பொறுப்பில் இருந்தது. ஸ்டாலின் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனதோ 1922 ஏப்ரலில்தான். நாவலிலும் பால், ஆப்பிள் விஷயத்தில் பன்றிகள் அனைத்தும் ஒருமனதாக நிற்கின்றன. ஸ்னோபாலும் நெப்போலியனும் கருத்து வேறுபடாத அரிய தருணம் அது. நல்ல தலைவர் துரத்தப்பட்டதால் கெட்டவர் வென்றார் என்னும் எளிய வாசிப்பை இந்த ஒரு செய்தி தகர்த்துவிடுகிறது.

மற்ற விலங்குகள் உண்மையில் மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பொறுப்பு என்னும் கருத்து முழுவதும் இதன்மீதே நிற்கிறது. செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டவரையே குற்றம் சொல்ல முடியும். நாவலின் கால வரிசையை உற்றுப் பார்த்தால் ஆர்வெல் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது விளங்கும். மாட்டிலிருந்து கறந்த ஐந்து வாளிப் பாலும் அறுவடைக்குப் போன விலங்குகள் மாலையில் திரும்புவதற்குள் காணாமற்போகும்போது காவல் நாய்கள் என்று எவையும் இல்லை. ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று ஆகும் காலத்திலும் நெப்போலியன் எடுத்துச் சென்ற நாய்க்குட்டிகள் பரண்மேல் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பன்றிகளிடம் அப்போது இருந்த ஒரே ஆயுதம் ஸ்குவீலர் என்னும் பன்றியின் பேச்சு: மூளையால் உழைப்பவர் பாலைக் குடிக்காவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்னும் அச்சுறுத்தல். மறுத்திருந்தால் அன்று யாரும் உயிர் இழந்திருக்கமாட்டார்கள். நாய்கள் வளர்ந்த பின்னரோ, முட்டைக்காக எதிர்த்து நின்ற கோழிகளுக்குப் பட்டினியும் சாவுமே கிடைத்தன. எனவே விலங்குகளின் வீழ்ச்சி ஊழன்று. திறந்திருந்த வழி ஒன்று சிறிது சிறிதாக மூடப்பட்டதே ஆகும். எழுத்தறியாத குதிரை பாக்ஸரைவிட, பன்றிகளுக்கு நிகராகப் படிக்கத் தெரிந்தும் படிக்கத் தகுந்தது எதுவுமில்லை என்று ஒதுங்கியிருந்த கழுதை பெஞ்சமினின் பொறுப்பே கனமானது. பாக்ஸரை ஏற்றிய வண்டி குதிரை அறுப்பவனுடையது என்று அது உரக்கப் படித்துச் சொல்லும்போது காலம் கடந்துவிட்டிருந்தது.

சமயத்தைப் பற்றிய கேள்வியும் இதேபோல் வரலாற்றால் ஆழம் பெறுகிறது. மோசஸ் என்னும் அண்டங்காக்கை, இறந்த விலங்குகள் போய்ச் சேரும் கற்கண்டு மலையைப் பற்றிக் கதை சொல்வது. புரட்சியின்போது பறந்துபோன அது பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது. அது சொல்வதெல்லாம் பொய் என்று இகழ்ந்துகொண்டே பன்றிகள் வேலை ஏதும் வாங்காமல் அதற்கு நாள்தோறும் பீர் படியளக்கின்றன. ஸ்டாலின் 1943 செப்டம்பர் 4 அன்று ருஷ்யத் திருச்சபையின் மூன்று பேராயர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசியதும், 1925 முதல் ஆளின்றி இருந்த முதுதந்தைப் பதவிக்கு அடுத்த சில நாட்களிலேயே செர்கியஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஆர்வெல் எழுதத் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முந்தைய செய்திகள். அதிகாரத்துக்குச் சமயத்தின் உண்மையில் அக்கறை இல்லை, பயனில்தான் அக்கறை என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் ஆள்பவர் பயன்படுத்துவதாலேயே நம்பிக்கை பொய்யாகிவிடுமா? பசியோடு உழைக்கும் தமக்கு வேறோர் உலகில் நல்வாழ்வு இருப்பதுதானே நியாயம் என்று விலங்குகள் எண்ணுவதாக எழுதும் ஆர்வெல், அந்த எண்ணத்தை ஏளனம் செய்யவில்லை. நீதிக்கான ஏக்கமே அங்கே வழிபாடாகிறது. சாவுக்குப் பின் வரும் கற்கண்டு மலைக்கும், காற்றாலை கட்டி முடித்த பின் வரும் என்று சொல்லப்பட்ட மின்விளக்குக்கும் வெந்நீருக்கும் ஒத்திப்போடப்படும் காலத்தில்தான் வேறுபாடு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ள இடம் தர வேண்டும்.

வரலாற்றுக்குக் கடமைப்பட்டவராகவே ஆர்வெல் எழுதினார் என்பதற்குச் சான்றாக ஒரு திருத்தத்தையும் வகுப்பில் காட்டலாம். காற்றாலை வெடித்துச் சிதறும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்து படுத்தன என்று முதலில் எழுதியிருந்ததை, 1945 மார்ச்சில், நூல் அச்சாகும் முன்னர், நெப்போலியன் தவிர என்று மாற்றும்படி அவர் பதிப்பகத்துக்கு எழுதினார். ஜெர்மானியப் படை நெருங்கி வந்தபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை. அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதியாக அவ்வரி இருந்துவிடக் கூடாது என்று ஆர்வெல் கருதினார். சுவரில் எழுதிய கட்டளைகளையே இரவோடிரவாக மாற்றி எழுதும் பன்றிகளைக் குறித்த நூலில், எதிரிக்குச் சாதகமான ஓர் உண்மைக்காகச் செய்யப்பட்ட திருத்தம் அது.